பிரபஞ்சம் தோன்ற கடவுள் தேவையா? நட்சத்திரங்களின் முடிவைக் கணக்கிட்ட தமிழர் சந்திரசேகரின் வாழ்க்கை சொல்வது என்ன?

தர்மபுரி மண்ணுக்கும் இரும்புக்கும் ரொம்பப் பழைய உறவு. தகடூர் என்ற பெயரில் இந்த ஊரை ஆண்ட அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனதும், அங்கே அடுக்கி வைத்திருந்த படைக்கலங்களைப் பார்த்ததும் புறநானூறு சொல்லும் செய்தி. தர்மபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களில் ஆயுதம் ஏந்திய வீரர்களை இன்றைக்கும் பார்க்கலாம்.

2004 வரை தர்மபுரி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரி பகுதியில் இருக்கிறது மயிலாடும்பாறை. அங்கே நடந்த அகழாய்வில் தெரிய வந்த இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதாவது சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இரும்பு இருந்திருக்கிறது.

சரி, இரும்பை மனிதன் உருக்கினான். அந்த இரும்பு மண்ணுக்குள் எப்படி வந்துச்சு?

இரும்பு பூமியில் உருவானது கிடையாது. சூரியனே பிறப்பதற்கு முன்பு, வேறு நட்சத்திரங்கள் வாழ்ந்து, வெடித்துச் சிதறியபோது உருவானது. எந்த நட்சத்திரம் அமைதியாக அணையும், எது நொறுங்கும் என்பதற்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. அந்தக் கோட்டைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் ஒரு தமிழர். பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

நட்சத்திரத்திலிருந்து இரும்பு வந்தது, வாயு மேகத்திலிருந்து நட்சத்திரம் வந்தது, பெருவெடிப்பிலிருந்து வாயு வந்தது என்று பின்னோக்கிப் போனால் கடைசியில் ஒரு கேள்வியில் போய் நிற்போம். எல்லாவற்றுக்கும் தொடக்கம் எது? அங்கே கடவுள் தேவையா, அறிவியலே போதுமா?

சந்திரசேகர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆனால் அவரைச் சுற்றி இருந்த பெரிய மனிதர்களில் தீவிர நம்பிக்கையாளர்களும் உண்டு, ஒரு பாதிரியாரும் உண்டு. அவர்களில் யாருடைய கணக்கு ஜெயித்தது, யாருடையது தோற்றது என்று பார்த்தால் இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல வெளிச்சம் கிடைக்கும்.

லாகூரில் பிறந்த தமிழ்ப் பையன்

சந்திரசேகர் பிறந்தது 1910 அக்டோபர் 19-ம் தேதி, இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் லாகூரில். தந்தை சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரி. வேலை நிமித்தம் குடும்பம் அங்கே இருந்தது. தாய் சீதாலட்சுமி, நாடக ஆசிரியர் இப்சனின் புகழ்பெற்ற நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர்.

பத்துப் பிள்ளைகளில் சந்திரசேகர் மூன்றாவது. ஆண் பிள்ளைகளில் மூத்தவர். லாகூரிலிருந்து லக்னோ, அங்கிருந்து 1918-ல் சென்னை என்று குடும்பம் நகர்ந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு மாநிலக் கல்லூரியிலும் படித்தார்.

மகன் ஐ.சி.எஸ். அதிகாரி ஆக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனுக்கோ கணக்கும் இயற்பியலும்தான் பிடித்திருந்தது. தாய் மகன் பக்கம் நின்றார்.

இரண்டு முன்மாதிரிகள்

அந்தக் காலச் சென்னையில் கணக்குப் படிக்கும் ஒரு பையனுக்கு முன்னால் இரண்டு பெரிய பெயர்கள் இருந்தன.

முதல் பெயர் சர் சி.வி. ராமன். சந்திரசேகருக்கு இவர் சொந்தச் சித்தப்பா. 1928-ல் ராமன் விளைவைக் கண்டுபிடித்து, 1930-ல் நோபல் பரிசு வாங்கியவர்.

இரண்டாவது பெயர் கணித மேதை ராமானுஜன். 1920 ஏப்ரலில் அவர் இறந்தபோது சந்திரசேகருக்குப் பத்து வயசுகூட நிறையவில்லை. பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியைத் தாய் சொல்லக் கேட்டது அவர் மனசில் கடைசி வரை தங்கியது. இந்த ஊரிலிருந்தும் ஒருவர் உலகத் தரத்தில் சாதிக்க முடியும் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது.

ராமானுஜன் தன் கணிதத்தை நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருள் என்று நம்பியவர். சந்திரசேகர் கடவுள் நம்பிக்கை இல்லாதவராக வாழ்ந்தவர். ஆனாலும் ராமானுஜன் மீது அவருக்கு இருந்த மரியாதை ஒரு நாளும் குறையவில்லை. 1936-ல் இந்தியா வந்தபோது, ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளிடமிருந்து ஒரு பாஸ்போர்ட் புகைப்படத்தைத் தேடிப் பெற்று, கணிதப் பேராசிரியர் ஹார்டிக்குக் கொண்டு சேர்த்தார். இன்று நாம் எல்லோரும் பார்க்கும் ராமானுஜன் முகம் அந்தப் படத்திலிருந்து வந்ததுதான்.

தேற்றம் கனவில் வந்ததா, காகிதத்தில் வந்ததா என்பது கணிதத்துக்கு முக்கியம் இல்லை. நிரூபணம் சரியா என்பதுதான் முக்கியம். நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு என்ற இந்தப் பாகுபாடு சந்திரசேகரின் கதையில் திரும்பத் திரும்ப வரும்.

கப்பலில் போட்ட கணக்கு

1930-ல் இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படிக்க அரசு உதவித்தொகை கிடைத்தது. தாய் அப்போது உடல்நலம் குன்றி இருந்தார். கடல் கடந்து போனால் திரும்ப வந்து பார்க்க முடியுமா என்பதே சந்தேகம். ஆனாலும் அவரே மகனைப் போகச் சொன்னார். அடுத்த ஆண்டு அவர் இறந்தபோது மகன் இங்கிலாந்தில் இருந்தார்.

1930 ஜூலை 31-ம் தேதி பம்பாயிலிருந்து கப்பல் கிளம்பியது. சந்திரசேகருக்கு வயசு 19. பயணத்தில் பொழுதுபோக்காக அவர் எடுத்த கணக்கு, வெள்ளைக் குள்ளன் எனப்படும் நட்சத்திரங்களைப் பற்றியது.

அது என்ன வெள்ளைக் குள்ளன்?

நட்சத்திரம் எரிவதற்கு எரிபொருள் வேண்டும். ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாக மாறும்போது வரும் ஆற்றல்தான் அது. இந்த வெப்பம் வெளியே தள்ளுகிறது, ஈர்ப்பு விசை உள்ளே இழுக்கிறது. இரண்டும் சமமாக இருக்கும் வரை நட்சத்திரம் நிற்கும்.

எரிபொருள் தீர்ந்துவிட்டால்? ஈர்ப்பு ஜெயிக்கும். நட்சத்திரம் சுருங்கும். சூரியன் அளவு நிறை, பூமி அளவு உருண்டைக்குள் அடங்கிவிடும். அதன் பொருளை ஒரு தேக்கரண்டியில் எடுத்தால் பல டன் எடை இருக்கும். அதுதான் வெள்ளைக் குள்ளன்.

அதற்கு மேல் அது சுருங்காமல் தாங்கிப் பிடிப்பது எலக்ட்ரான்கள். பேருந்தில் நெருக்கித் தள்ளும் கூட்டத்தில் ஓர் அளவுக்கு மேல் இன்னும் ஒருவரை ஏற்ற முடியாது இல்லையா? அதுபோல எலக்ட்ரான்களையும் ஓர் அளவுக்கு மேல் ஒரே இடத்தில் திணிக்க முடியாது. எல்லா நட்சத்திரமும் கடைசியில் இப்படி அமைதியாக அடங்கிவிடும் என்றுதான் அன்றைய விஞ்ஞானிகள் நினைத்தார்கள்.

சந்திரசேகர் கவனித்த விஷயம் இதுதான். அவ்வளவு நெருக்கத்தில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும். அப்போது ஐன்ஸ்டைனின் சார்பியல் விதிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்துப் பார்த்தால், அந்தத் தாங்கும் சக்திக்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது.

பிற்பாடு அவர் துல்லியமாக்கிய கணக்கின்படி, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறை வரைதான் வெள்ளைக் குள்ளன் நிற்க முடியும். அதைத் தாண்டினால் தாங்க முடியாது. இதுதான் சந்திரசேகர் எல்லை.

அப்போ அதைத் தாண்டிய நட்சத்திரம் என்ன ஆகும்? சுருங்கிக்கொண்டே போகும். எதுவரை? அந்தக் கேள்விதான் அவரைப் பெரிய மோதலில் கொண்டுபோய் நிறுத்தியது.

1935 ஜனவரி 11: லண்டனில் எழுந்த சிரிப்பு

சர் ஆர்தர் எடிங்டன் அன்றைய உலகின் மிகப் பெரிய வானியற்பியலாளர். 1919 சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதித்து உலகுக்குச் சொன்னவர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஆழ்ந்த இறை நம்பிக்கையாளர்.

சந்திரசேகர் கேம்பிரிட்ஜில் கணக்குப் போட்ட நாட்களில் எடிங்டன் அடிக்கடி அவர் அறைக்கு வந்து விசாரிப்பார். 1935 ஜனவரி 11-ம் தேதி, லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தன் முடிவுகளைப் படித்தார். வயசு 24.

அவர் உட்கார்ந்ததும் எடிங்டன் எழுந்தார். சந்திரசேகரின் கணக்குப்படி போனால், நட்சத்திரம் சில கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கி, அதிலிருந்து ஒளிகூட வெளியே வர முடியாத நிலை வரும் என்று விளக்கினார். இன்று நாம் கருந்துளை என்று சொல்வதை அன்றே சரியாக விவரித்துவிட்டார்!

ஆனால் அவர் அதைச் சொன்னது ஏற்றுக்கொள்வதற்காக இல்லை, நிராகரிப்பதற்காக. நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஏதோ ஒரு விதி இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். கூட்டம் சிரித்தது. பதில் சொல்ல இளைஞருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை.

நீல்ஸ் போர், பவுலி போன்ற பெரிய இயற்பியலாளர்கள் சந்திரசேகர் சொல்வதே சரி என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். எடிங்டனை எதிர்த்து வெளிப்படையாகப் பேச யாரும் முன்வரவில்லை.

எடிங்டன் மறுத்ததற்கு அவருடைய மதம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இயற்கை எப்படி இருக்க வேண்டும் என்று அவர் மனசில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. அந்த எதிர்பார்ப்பு கணக்கை விடப் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

அதே எடிங்டன், இன்னொரு மாணவர்

பிரபஞ்சத்தின் தொடக்கம் இங்கேதான் கதைக்குள் வருகிறது.

சந்திரசேகருக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1923-ல், பெல்ஜியத்திலிருந்து ஒரு இளைஞர் கேம்பிரிட்ஜுக்கு எடிங்டனிடம் படிக்க வந்தார். பெயர் ஜார்ஜ் லெமெய்த்ர. முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். அதே 1923-ல் கத்தோலிக்கப் பாதிரியாராக அருட்பொழிவு பெற்றவர்.

பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927-ல் லெமெய்த்ர எழுதினார். விரிகிறது என்றால் முன்பு சின்னதாக இருந்திருக்க வேண்டும். இன்னும் பின்னால் போனால், எல்லாம் ஓரிடத்தில் நெருங்கியிருந்த ஒரு தொடக்கம் இருந்திருக்க வேண்டும். இதை அவர் 1931-ல் வெளிப்படையாக முன்வைத்தார். இன்றைய பெருவெடிப்புக் கோட்பாட்டின் விதை அதுதான்.

பிரபஞ்சத்துக்குத் திடீரென ஒரு தொடக்கம் என்ற எண்ணமே எடிங்டனுக்குப் பிடிக்கவில்லை. அதே 1931-ல் அதை அவர் எழுதியும் விட்டார்.

அதாவது, நட்சத்திரத்தின் முடிவாக சந்திரசேகர் சொன்னதும் அவருக்குப் பிடிக்கவில்லை, பிரபஞ்சத்தின் தொடக்கமாக லெமெய்த்ர சொன்னதும் பிடிக்கவில்லை. முதலாமவர் நம்பிக்கை இல்லாதவர், இரண்டாமவர் பாதிரியார். கடைசியில் இரண்டு பேரின் கணக்கும் நின்றது.

போப் சொன்னதும் பாதிரியார் தடுத்ததும்

1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ் ஓர் உரை ஆற்றினார். பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்று அறிவியல் சொல்வது, படைத்தவர் ஒருவர் உண்டு என்பதற்குத் துணை நிற்கிறது என்ற பொருளில் அந்த உரை இருந்தது.

இதைக் கேட்டு முதலில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர் லெமெய்த்ர இல்லையா? அவர் கவலைப்பட்டார். தன்னுடைய கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது, அதைக் கடவுளுக்கான சாட்சியாக்கக் கூடாது என்பது அவர் நிலை. வத்திக்கான் வானியலாளர் மூலம் போப்புக்கு இதை எடுத்துச் சொன்னார். 1952-ல் ரோமில் கூடிய வானியலாளர்கள் முன்பு போப் பேசியபோது அந்த வாதம் திரும்ப வரவில்லை.

அறிவியலின் ஒரு முடிவோடு கடவுளைக் கட்டிப் போட்டால், நாளைக்கு அந்த முடிவு மாறினால் கடவுளும் சேர்ந்து விழ வேண்டி வரும். கடவுளைக் காப்பாற்றவும் அறிவியலைக் காப்பாற்றவும் இரண்டையும் தள்ளி வைப்பதுதான் நல்லது என்று அந்தப் பாதிரியார் நினைத்தார்.

எதிர்ப் பக்கத்திலும் இதே கதை உண்டு. ஃபிரெட் ஹாய்ல் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். தொடக்கம் என்ற பேச்சில் மதவாடை அடிக்கிறது என்பது அவர் சந்தேகம். பிரபஞ்சம் என்றைக்கும் இருப்பது என்ற நிலைத்த பிரபஞ்சக் கோட்பாட்டைப் பேசினார். 1949-ல் வானொலியில் எதிர்த் தரப்பின் கோட்பாட்டுக்கு பிக் பேங் என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

ஆனால் வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் வரும் நுண்ணலைக் கதிர்வீச்சு 1964-65-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அது இளம் பிரபஞ்சத்தின் மிச்ச வெப்பம். ஹாய்லின் பக்கம் பலவீனமானது. 1966-ல் இறப்பதற்குச் சற்று முன்பு இந்தச் செய்தி லெமெய்த்ரவுக்கு எட்டியது.

சிகாகோவில் ஒரு நீண்ட மௌனம்

லண்டன் சம்பவத்துக்குப் பிறகு சந்திரசேகர் சண்டை போட்டுக்கொண்டே இருக்கவில்லை. 1936-ல் சென்னை வந்து, மாநிலக் கல்லூரியில் உடன் படித்த லலிதாவைத் திருமணம் செய்துகொண்டார். 1937-ல் இருவரும் அமெரிக்கா போனார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் வேலை.

நட்சத்திரங்களின் அமைப்பைப் பற்றி 1939-ல் ஒரு புத்தகம் எழுதினார். தன் எல்லைக் கணக்கையும் அதில் வைத்தார். பிறகு அந்தத் துறையை விட்டே நகர்ந்துவிட்டார்.

அதன் பிறகு சில ஆண்டுகளுக்கு ஒரு துறை என்று பிரித்துக்கொண்டு உழைத்தார். ஒரு துறையில் இறங்குவது, ஆழமாகப் படிப்பது, புத்தகம் எழுதுவது, அடுத்ததற்குப் போவது. 1952 முதல் 1971 வரை வானியற்பியல் துறையின் முக்கிய ஆய்விதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார்.

எடிங்டன் மீது அவர் பகை பாராட்டவில்லை. 1944-ல் எடிங்டன் இறந்தபோது அவரைப் புகழ்ந்து அஞ்சலி செலுத்தினார். 1982-ல் கேம்பிரிட்ஜுக்கே போய் எடிங்டனின் பெருமையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். அன்று சிரித்த அதே ராயல் வானியல் கழகம் 1953-ல் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்திருந்தது.

கணக்கு வானத்தில் தெரிந்தது

1960-களின் கடைசியில் நிலைமை மாறியது. துடிக்கும் நட்சத்திரங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அவை நொறுங்கிய நட்சத்திரங்களின் மிச்சம் என்று தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கருந்துளை இருப்பதற்கான தடயங்களும் கிடைத்தன. இயற்கையில் அப்படித் தடுக்கும் விதி எதுவும் இல்லை என்பது உறுதியானது.

அறுபது வயசைத் தாண்டிய பிறகு சந்திரசேகர் மறுபடி கருந்துளைக்கே திரும்பினார். சுழலும் கருந்துளையை விவரிக்கும் ஒரு கணிதத் தீர்வை நியூசிலாந்துக்காரரான ராய் கெர் 1963-ல் கண்டுபிடித்திருந்தார். மனித மனம் காகிதத்தில் கண்ட அந்தச் சமன்பாடு, வானத்தில் இருக்கும் எண்ணற்ற கருந்துளைகளுக்கு அப்படியே பொருந்துகிறது என்று உணர்ந்ததுதான் தன் ஆய்வு வாழ்க்கையிலேயே தன்னை அதிகம் உலுக்கியது என்று அவர் ஒரு சொற்பொழிவில் சொன்னார்.

தன்னை எந்த வகையிலும் மதப்பற்று இல்லாதவராகவும் நாத்திகராகவும் சொல்லிக்கொண்டவர் அவர். ஆனால் இயற்கையின் ஒழுங்கைப் பார்த்து வியப்பதற்கு அது தடையாக இருக்கவில்லை. அறிவியலில் அழகு என்பதைப் பற்றி ஒரு புத்தகமே 1987-ல் வெளியிட்டார்.

முடிவிலிருந்து தொடக்கத்துக்கு

நட்சத்திரத்தின் சாவுக்கும் பிரபஞ்சத்தின் பிறப்புக்கும் என்ன சம்பந்தம்?

நொறுங்கும் நட்சத்திரத்தை ஒரு படமாக எடுத்து, அதைப் பின்னோக்கி ஓட்டுங்கள். ஒரு புள்ளியிலிருந்து பொருள் விரிந்து வருவது போலத் தெரியும். விரியும் பிரபஞ்சமும் அப்படித்தான்.

கொல்கத்தாவைச் சேர்ந்த அமல் குமார் ராய்சௌதுரி 1955-ல் ஒரு முக்கியமான சமன்பாட்டைத் தந்தார். 1965-ல் ரோஜர் பென்ரோஸ், நொறுங்கும் நட்சத்திரம் கணிதமே உடைந்துபோகும் ஒரு நிலைக்குப் போய்ச் சேரும் என்று நிரூபித்தார். அதைச் சிங்குலாரிட்டி என்பார்கள். ஸ்டீபன் ஹாக்கிங் அதே வாதத்தைத் தலைகீழாகத் திருப்பி பிரபஞ்சத்துக்குப் போட்டார். 1970-ல் இருவரும் சேர்ந்து அதை முழுமையாக்கினார்கள்.

சிங்குலாரிட்டி என்றால் கடவுள் படைத்த கணம் என்று அர்த்தமா? இல்லை. நம் சமன்பாடுகள் அங்கே வேலை செய்யவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் இணைக்கும் ஒரு கோட்பாடு வந்தால்தான் அதற்கு அப்பால் பேச முடியும். அது இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

அப்போ, கடவுள் தேவையா?

இன்று உறுதியாகத் தெரிந்தவை இவை.

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். முதல் சில நிமிடங்களில் ஹைட்ரஜனும் ஹீலியமும் உருவாயின. சுமார் 3.8 லட்சம் ஆண்டுகள் கழித்து முழு அணுக்கள் அமைந்தன. பிறகு நட்சத்திரங்கள். அவற்றின் வயிற்றிலும் வெடிப்பிலும் கார்பன், ஆக்சிஜன், இரும்பு எல்லாம் உருவாயின. சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சூரியன். தர்மபுரி பகுதியில் நாம் பார்க்கும் பாறைகள் பலவும் சுமார் 250 கோடி ஆண்டுகள் பழையவை.

இந்த வரிசையில் எந்தப் படியையும் விளக்க கடவுளைக் கூப்பிட வேண்டிய அவசியம் விஞ்ஞானிகளுக்கு வரவில்லை.

தெரியாத இடங்களும் உண்டு. முதல் கணத்துக்கு முன்பு என்ன? முன்பு என்ற சொல்லுக்கே அங்கே பொருள் உண்டா? எதுவும் இல்லாமல் இருப்பதற்குப் பதிலாக ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது? இயற்கை விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன?

தெரியாத இடத்தில் எல்லாம் கடவுளை வைத்தால் ஒரு சிக்கல் வரும். சந்திரசேகரின் கடைசிப் புத்தகம் நியூட்டனின் பிரின்சிபியா நூலைப் பற்றியது. அந்த நியூட்டன் ஆழ்ந்த இறை நம்பிக்கையாளர். கோள்களின் பாதை காலப்போக்கில் குலைந்துவிடாமல் கடவுள் அவ்வப்போது சரி செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்தார். பிறகு வந்த லாப்லாஸ், அந்த மாற்றங்களை ஈர்ப்பு விதியை வைத்தே விளக்கினார். கடவுளுக்கென்று ஒதுக்கி வைத்த இடம் கணக்குக்குப் போய்விட்டது.

அதே நேரம், அறிவியல் கடவுளே இல்லை என்று நிரூபித்துவிட்டது என்பதும் சரியில்லை. விதிகளுக்குப் பின்னால் ஒரு சக்தி உண்டு என்று ஒருவர் நம்பினால், அதைச் சோதிக்கத் தொலைநோக்கி கிடையாது. சோதிக்க முடியாததை அறிவியல் ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. சந்திரசேகரும் தன் நாத்திகத்தைத் தன் சமன்பாடுகளின் முடிவாக எழுதி வைக்கவில்லை.

தமிழ் மண்ணுக்குப் புதுசா இந்த விவாதம்?

இல்லை. மணிமேகலையின் 27-வது காதையில் பல சமயத்தார் வந்து தங்கள் கொள்கையைச் சொல்கிறார்கள். உலகத்தை இறைவன் படைத்தான் என்பவர் அங்கே உண்டு. பூதங்கள் கூடினால் உயிரும் உணர்வும் தானாக வரும், தனியாக ஒருவர் தேவையில்லை என்று வாதிடும் பூதவாதியும் உண்டு.

சைவ சித்தாந்தம் எதிர்த் திசையில் வாதிடுகிறது. குடம் இருந்தால் குயவன் இருக்க வேண்டும், தோன்றி மறையும் உலகுக்கும் ஒரு கர்த்தா வேண்டும் என்பது அதன் அடிப்படை வாதங்களில் ஒன்று. சமணமும் பௌத்தமும் அந்தப் படைப்பாளியை ஏற்கவில்லை.

அதாவது, ஊர் நடுவே உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசிக் கேட்பது இங்கே பழைய வழக்கம்தான். இன்று கூடுதலாக நம்மிடம் இருப்பது, சில வாதங்களையாவது சோதித்துப் பார்க்கும் கருவி.

நோபலும் நிறைவும்

1983-ல் சந்திரசேகருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. கப்பலில் கணக்கைத் தொடங்கி 53 ஆண்டுகள் கழித்து! பரிசைப் பகிர்ந்துகொண்டவர் வில்லியம் ஃபௌலர். தனிமங்கள் நட்சத்திரங்களில் எப்படி உருவாகின்றன என்பதற்காக அவருக்குப் பரிசு.

1995 ஆகஸ்ட் 21-ம் தேதி சிகாகோவில் சந்திரசேகர் காலமானார். வயசு 84. நியூட்டன் பற்றிய புத்தகம் வெளியானதும் அதே ஆண்டில்தான். 1999 ஜூலை 23-ம் தேதி நாசா விண்ணில் ஏவிய எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கு, நண்பர்கள் அவரைக் கூப்பிடும் சந்திரா என்ற பெயரே வைக்கப்பட்டது.

சந்திரசேகர்: முக்கிய ஆண்டுகள்

1910: லாகூரில் பிறப்பு
1930: கேம்பிரிட்ஜ் பயணம், கப்பலில் கணக்கு
1935: லண்டன் கூட்டத்தில் எடிங்டன் எதிர்ப்பு
1937: சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணி
1953: அமெரிக்கக் குடியுரிமை, ராயல் வானியல் கழகத் தங்கப் பதக்கம்
1968: பத்ம விபூஷண் விருது
1983: நோபல் பரிசு
1995: மறைவு

நம்பிக்கையா, கணக்கா?

இந்தக் கதையில் வரும் நால்வரையும் ஒரு தடவை வரிசையாக நிறுத்திப் பார்க்கலாம். எடிங்டன் நம்பிக்கையாளர், அவர் கணிப்பு தவறியது. லெமெய்த்ர பாதிரியார், அவர் கணிப்பு நின்றது. ஹாய்ல் நம்பிக்கை இல்லாதவர், தவறியது. சந்திரசேகர் நம்பிக்கை இல்லாதவர், நின்றது.

கோயிலுக்குப் போகிறவரா, போகாதவரா என்பதை வைத்து வானம் யாருக்கும் சாதகமாக நடந்துகொள்ளவில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் சறுக்கினார்கள். கணக்கு எங்கே கூட்டிப் போகிறதோ அங்கே போகத் துணிந்தவர்களின் முடிவு நிலைத்தது.

பிரபஞ்சத்துக்குக் கடவுள் தேவையா என்ற கேள்வியை ஒவ்வொருவரும் தங்கள் மனசுக்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது எப்படி நடந்தது என்ற கேள்விக்கு விடை தேடும்போது, சாமி கும்பிடுகிறவரும் கும்பிடாதவரும் ஒரே கணக்கைத்தான் போட்டாக வேண்டும். தகடூர் வீரர்களின் வாளில் இருந்த இரும்பும், இதைப் படிப்பவரின் ரத்தத்தில் ஓடும் சில கிராம் இரும்பும் நட்சத்திரங்கள் கொடுத்தவை. அந்த வழியைக் கண்டுபிடிக்க உதவிய எல்லைக்கோட்டை, 19 வயசில் அம்மாவை விட்டுக் கப்பல் ஏறிய ஒரு சென்னைப் பையன் போட்டான்.